சுவரில் மோதும் பரீட்சை

நசுங்கிய காரைச் சரிசெய்தவனை அதே காருக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவார்கள். ஆள் பிழைத்தால் பாஸ், இல்லாவிட்டால் பெயில் என்று நான் நம்பினேன். ஐந்தாம் வகுப்பில் முதல் மூன்று ரேங்கிற்குள் வருகிறவன் இதை நம்பினான் என்பதைக் கவனிக்கவும். அன்றிலிருந்து எனக்கு ரேங்க் கார்டுகள்மேல் மரியாதை கிடையாது.

நம்பவைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவரை அம்மா ஓசூருக்கு இழுத்துவந்து, சிப்காட் பக்கம் எங்கள் லைன் வீட்டிலேயே தங்கவைத்து, விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சரிசெய்யக் கற்றுத்தரும் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டாள். எங்கள் லைனில் அதற்கு டிங்கரிங் ஸ்கூல் என்று பெயர். அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். யூனிபார்ம் இல்லாத வேலையை வேலையென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மாமாவுக்கு அங்கே நீலச் சட்டை கொடுத்த பிறகுதான் அவரை 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த நிலையத்தின் சுவரில் 'எங்கள் குறிக்கோள்' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும். 'விபத்துக்குள்ளான வாகனத்தை விபத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவருதல்' என்பது முதல் வரி. மாமா அதைக் கோயில் மைக்கில் அறிவிப்பதுபோல் எங்களுக்குப் படித்துக்காட்டுவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, மச்சானையும் கல்யாணத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டாந்துரலாமான்னு எங்க சாரக் கேட்டேன். அடிச்சட்டம், அந்த சேஸே வளைஞ்சிருச்சு, இனி ஒன்னும் பண்ண முடியாதுன்னுட்டாரு." அப்பா சிரிப்பைச் சாம்பாரோடு சேர்த்து விழுங்கினார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் நான் போய்ப் பரீட்சை எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"எழுதுறதெல்லாம் கெடையாதுடா. ரிப்பேர் பண்ணவன உள்ள ஒக்காரவெச்சு செவுத்துல உடுவாங்க."

"செத்துட்டா?"

"பெயிலு."

சனிக்கிழமைகளில் மாமாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. ஷெட்டுக்குப் பின்னால் அடிபட்ட கார்கள் வரிசையாக நிற்கும். கண்ணாடி முழுக்க விரிசல் ஓடிய ஒன்று, மூக்கு வயிற்றுக்குள் போய்விட்ட ஒன்று, கூரையே இல்லாத ஒன்று. அவற்றைத் தாண்டினால் காம்பவுண்டுச் சுவர். அதில் பம்பர் உயரத்தில் ஒரு பெரிய குழி, கறுப்பாகத் தேய்ந்த கோடுகளோடு. தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது இடித்ததாம். பிறகு சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, பரீட்சை ஹால் அதுதான்.

மாமாவுக்குக் கடைசிப் பயிற்சிக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக் கார். சூளகிரி தாண்டி ஹைவேயில் லாரி ஒன்று அதன் இடதுபக்கத்தில் இடித்திருந்தது. முதல்நாள் அதன் பின்சீட்டுக்கடியில் நான் கையை விட்டுத் துழாவியதில் ஒரு பச்சை வாட்டர் பாட்டில் கிடைத்தது. என்னுடையதைப் போலவே தோளில் மாட்டும் பட்டையோடு, பாதித் தண்ணீரோடு இருந்தது.

"இந்தப் பாட்டிலோட பையன் எங்க, மாமா?"

எதைக் கேட்டாலும் ஒரு நக்கல் கையில் வைத்திருப்பவர் அவர். அன்று பாட்டிலை வாங்கி, தண்ணீரைக் கொட்டி, கழுவி, ஸ்பேனர்கள் தொங்கும் பலகையில் ஓரமாக மாட்டினார். "நல்லாத்தான் இருப்பான்," என்றார். அவ்வளவுதான். சுவரைவிட எனக்கு அந்தப் பதில்தான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. ராத்திரியெல்லாம் அந்தப் பாட்டில் கனவில் வந்து தண்ணீர் கேட்டது.

வேலை முடிந்தது. வெள்ளைக் கார் புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. பெங்களூர் ரோட்டில் ஒரு பட்டறையில் மாமாவை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், சர்டிபிகேட்டோடு திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்ற கண்டிஷனில். இதுவும் நழுவினால் மறுபடி தக்காளிப் பெட்டிதான். அம்மா புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள். அப்பா லைன் வீடுகளில் ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டார்.

பரீட்சை நாளுக்கு நானும் தயாரானேன். மாமாவின் வயிற்றில் கட்டிவிடுவதற்காக ஸ்கூல் பையில் ஒரு தலையணையைத் திணித்து எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அம்மா "பையில என்னடா?" என்றதற்கு "சயின்ஸ்" என்றேன்.

பயிற்சி தருகிற சார் கன்னடக்காரர், ஒரு கையில் எப்போதும் டீ கிளாஸ் இருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை முடித்தவன் தன் வீட்டு ஆட்களையே பின்சீட்டில் ஏற்ற வேண்டும். சார் ஓட்டுவார். ஹைவேயில் சூளகிரி வரைக்கும் ஒரு விரட்டு விரட்டித் திரும்புவார். கிளம்பலாமா என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார், ரிப்பேர் செய்தவன்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. சார் பின்கதவைத் திறந்து, "ஹத்தப்பா ஹத்து, ஏறு," என்றார். மாமாவை மட்டுமல்ல, குடும்பத்தையே சுவரில் மோதப்போகிறார்கள் என்று அந்த நொடியில் புரிந்துகொண்டேன். பையிலிருந்து தலையணையை உருவினேன். அப்பா ஏறி வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா நடுவில். என்னை இடது ஜன்னல் பக்கம் தள்ளினார்கள். கழுத்தில் வாட்டர் பாட்டில், நெஞ்சோடு தலையணை. முன்கண்ணாடி வழியாக நேர் எதிரே அந்தச் சுவர், அந்தக் குழி. பிறகு சீட் சூடானது. சூடாக்கியவன் நான்தான்.

சார் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தார். "ஏத்தியாச்சு. போலாமாப்பா?"

மாமா என் பக்கத்துக் கதவைச் சாத்தக் கையை வைத்தார். என்னைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். தலையணைக்கு ஒரு நக்கல் கட்டாயம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார்.

"எறங்குக்கா. எல்லாரும் எறங்குங்க."

சார் திரும்பினார். "ஏன்? நான் பாத்தேனே, நல்லாத்தானே இருக்குது?"

"வெளிய நல்லாருக்கு சார்."

"என்ன மாப்ள வெளையாட்டு இது?" என்றார் அப்பா. "திங்கக்கெழம வேலைக்குச் சேரணும்ல?"

"வெளையாடல மச்சான்."

இறங்கினோம். மாமா உள்ளே குனிந்து எதையோ கழற்றினார், உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்து எங்கேயோ தட்டினார். எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. டவுசரை மறைக்கத் தலையணையை முன்னால் பிடிப்பதா பின்னால் பிடிப்பதா என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், ஷெட்டுக்குள் போய்விட்டார். சர்டிபிகேட் தரவில்லை.

திங்கட்கிழமை அந்த வேலைக்கு வேறொருவன் சேர்ந்தான். தைத்துவந்த சட்டை பீரோவுக்குள் போனது. மாமா ராயக்கோட்டைக்குப் போனார். அப்பா மறுபடி அவரை 'ஒன் தம்பி' என்று அம்மாவிடம் குறிப்பிட ஆரம்பித்தார். நான் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். காரணம் எனக்கு மட்டும்தானே தெரியும்? புது சீட்டை நனைத்துவிட்டேன். சார் அதைத்தான் குனிந்து பார்த்தார். மாமாவின் வாழ்க்கை என் மூத்திரத்தில் போய்விட்டது.

தக்காளி சீசன் முடிந்ததும் மாமா திரும்பிவந்தார். அதே வண்டியில் வேலையைத் திரும்பச் செய்தார், எங்களை ஏற்றினார், "போலாம் சார்," என்றார். சூளகிரி வரை போய்வந்தோம். நான் ஏறுவதற்கு முன்பே பாத்ரூம் போய்வந்துவிட்டேன், ஒரு பாதுகாப்புக்கு. கொஞ்ச காலம் கழித்து கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது.

என் கல்யாணத்துக்கு வந்தவரிடம்தான் கேட்டேன். "மாமா, அன்னிக்கு சீட்ட நனைச்சதுக்காகத்தான சார் பெயில் போட்டாரு?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஒன்னுக்குப் போனியா? எனக்கே இப்பத்தான்டா தெரியுது!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சிரித்து முடித்த பிறகு சொன்னார்.

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கிற தூணின் அடியில் அவர் வெல்டிங் வைத்த அன்று கரண்ட் டல்லாக வந்துகொண்டிருந்தது, வெல்டிங் சரியாகப் பிடிக்கவில்லை. அது தெரிந்தும், திங்கட்கிழமையை நினைத்து, மேலே பெயிண்ட் அடித்து மூடிவிட்டார். பரீட்சையன்று எங்களை இறக்கிவிட்டு உளியை வைத்து ஒரு தட்டு தட்டியதும் வெல்டிங் விட்டுப்போனது. இடதுபக்கத் தூண், நான் உட்கார்ந்திருந்த பக்கம்.