அறுக்க வேண்டாம்

அறுக்க வேண்டாம் என்று சொன்னது மம்மதுதான்.

பின்னால் ஊரில் சிலர் ஜமாத்துக்காரர்கள்தான் தடுத்தார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மையில்லை. அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் தலை குனிந்து நின்றார்கள். மம்மதுவின் இளைய மகன் இர்ஷாத், பத்தொன்பது வயது, மத்தியானம் வாலிபால் ஆடும்போது பந்தை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. கொண்டுவந்து சேர்க்கும்போதே உயிர் இல்லை.

"வயசுப் பிள்ள பாய். எதனாலன்னு தெரியணும். போஸ்ட்மார்ட்டம் பண்ணிருவோம்" என்றாள் டாக்டர் ஜாய்லின். முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு.

"அல்லா கூப்பிட்டுக்கிட்டான். போனவனை அறுக்க வேண்டாம் டாக்டரம்மா."

சந்தேகம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தி மஃரிபு தொழுகைக்கு முன்னால் அடக்கம் முடிந்தது.

மம்மதுவுக்கு ஐம்பத்தோரு வயது. பதினோரு வருஷம் அரபுநாட்டில், தம்மாமில் டிரைவராக இருந்தவர். ஊர் திரும்பிக் குட்டியானை லோடு வண்டி ஒன்று வாங்கினார். விடியலில் குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் சுற்றிப் பூ மூடைகளை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் சங்கரன்கோவில் மார்க்கெட்டில் இறக்கிவிடுவார். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. பனியில் நனைந்த கேந்திப்பூ மூடை நல்ல கனம் கனக்கும். அதையும் ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்.

"ஓய் பாய், ஒமக்கு நெஞ்சுக்குள்ள இருக்கது என்ன வே? இன்ஜினா?" என்று கேட்பார் பூக்கடை துரைப்பாண்டி. தினமும் கேட்பார். மம்மதுவும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

இர்ஷாத் இறந்த பதினெட்டாம் நாள் ஒரு சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஜாய்லின் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இப்படித் திடீரென்று விழும் பிள்ளைகளின் கூடப்பிறந்தவர்களுக்கும் அதே கோளாறு இருக்கலாம் என்றாள். மூத்த பையனுக்கு இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மம்மது அதை வண்டியில், தலைக்கு மேலே வெயில் மறைக்கும் பலகைக்குப் பின்னால் செருகிவைத்தார்.

மூத்தவன் முகம்மது ஆரிப்புக்கு இருபத்துமூன்று. வெளிநாட்டு வேலைக்கு விசா வந்திருந்தது.

"ஏலே, திருநெல்வேலிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம். நெஞ்ச ஸ்கேன் எடுக்கச் சொல்லுதாங்க."

"எனக்கு என்ன செய்யுது வாப்பா? நம்ம வீட்ல மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குறது உம்மா ஒருத்திதான். அவுகளக் கூட்டிட்டுப் போங்க."

அவன் உம்மா ரைஹானா சிரிக்கவில்லை. "ஒருத்தனக் குடுத்தாச்சு. இருக்கவனுக்கும் சீக்காளின்னு பேரு வாங்கிட்டு வராதீங்க. விசா வந்து நிக்கிற நேரத்துல பேப்பர்ல ஒரு வார்த்த எழுதிட்டான்னா போச்சு, பாத்துக்கோங்க."

வெளிநாட்டு மெடிக்கல் பரிசோதனை முடியட்டும் என்று தள்ளிவைத்தார்கள். ஆரிப் மதுரைக்குப் போய் எடுத்துவிட்டு வந்தான். இரண்டு நாள் கழித்து போனை நீட்டினான்.

"பாத்தீங்களா? ஃபிட்!"

"இதயத்தப் பாத்தானா?"

"நெஞ்ச எக்ஸ்ரே எடுத்தான்லா. இதயம் நெஞ்சுல இல்லாம முழங்கால்லயா இருக்கு?"

இர்ஷாத் போனபிறகு மம்மது முதல்முறையாகச் சிரித்தார். அதே மெடிக்கலை அவரே மூன்று தடவை எடுத்திருக்கிறார். அதில் என்ன பார்ப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்: காசநோய், இரத்தம், தொற்று. தெரியாமல் ஏமாறுகிறவர்களுக்காக இரக்கப்படலாம். மம்மது தெரிந்தேதான் அந்த 'ஃபிட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கினார். சீட்டு பலகைக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆரிப் போய் ஏழாவது மாதம். மார்க்கெட்டில் மூடை இறக்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய அறைத்தோழன் ஷாஜித் கூப்பிட்டான். "மாமா, ஆரிப் குடோன் படியில விழுந்துட்டான்" என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்னே உயிர் போயிருந்தது.

அங்கே அறுத்துப் பார்த்தார்கள். யாரும் மம்மதுவைக் கேட்கவில்லை. அடக்கமும் அங்கேயே நடந்தது. இரண்டு வாரம் கழித்து அறிக்கை போனில் வந்தது. அதை ஜாய்லினிடம் கொண்டுபோனார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இதயத்தோட தசை தடிச்சிருக்கு பாய். வெளிய ஒண்ணும் தெரியாது. குடும்பத்துல வர்றதுதான்."

"மருந்து இருக்கா இதுக்கு?"

"இருக்கு. மாத்திரை சாப்பிட்டு, ஓடாம, பாரம் தூக்காம இருக்கணும். தேவைப்பட்டா நெஞ்சுல ஒரு மெஷின் வைப்பாங்க. அப்படி வயசாகுற வரைக்கும் இருக்கவங்க நிறையப் பேரு."

மம்மது போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டார்.

"அன்னைக்கு சின்னவன அறுத்திருந்தா, இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்" என்றாள். சற்றுக் கழித்து, "பெரும்பாலும்" என்று சேர்த்தாள். அந்த இரண்டாவது சொல் தன் ஆறுதலுக்காகத்தான் என்பது மம்மதுவுக்குப் புரிந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பெற்றவர்கள் இரண்டு பேரும் பார்த்துவிடுவது நல்லது என்றாள். இந்தத் தடவை ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சீக்காளி என்று பேர் வந்துவிடும் என்று மறைத்துக் காப்பாற்ற வீட்டில் இனிப் பிள்ளை இல்லை. திருநெல்வேலியில் எக்கோ எடுத்தார்கள். ரைஹானாவுக்கு ஒன்றும் இல்லை. மம்மதுவுக்கு இருந்தது. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்றார்கள். ஒரே கோளாறு சிலரைப் பத்தொன்பதில் கொல்லும், சிலரைத் தொடாமல் விட்டுவிடும். ஏன் என்பது இன்னும் தெரியாது என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ரைஹானா கேட்டாள்: "அப்போ ஒங்ககிட்ட இருந்துதான் போயிருக்கு?"

"ஆமா."

பஸ் மானூரைத் தாண்டி, தேவர்குளத்தையும் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஊர் நெருங்கும்போது, "வேளா வேளைக்கு மாத்திரையச் சாப்பிட்டுருங்க" என்றாள்.

அவர் தவறாமல் சாப்பிடுகிறார். மாத்திரை அட்டை வண்டியில் அதே பலகைக்குப் பின்னால், அந்தச் சீட்டோடு இருக்கிறது. மூடை தூக்க இப்போது ஆள் வைத்திருக்கிறார். போன வாரம் அவர் வண்டியோரம் சும்மா நிற்பதைப் பார்த்த துரைப்பாண்டி, பழைய வாய்ப்பழக்கத்தில், "என்ன பாய், இன்ஜின் மக்கர் பண்ணுதோ?" என்று கேட்டுவிட்டார். கேட்ட மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டு எடைத்தட்டின் பக்கம் குனிந்தார்.

"இல்ல அண்ணாச்சி" என்றார் மம்மது. "நல்லா ஓடுது."