பொலித்தீன் கழற்றாத கதிரை

ரொறன்ரோவில் ஒரு கண்காட்சிக்குச் சாமான் இறக்கும் வேலை எனக்கு. இந்த முறை ஓர் இத்தாலிய வடிவமைப்பாளர் வாழ்நாளெல்லாம் செய்தவை வந்திருந்தன. முதலில் மரக் கதிரை, பிறகு விளக்கு, தொலைபேசி, கடைசியில் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் கதிரை. அதைச் சுற்றியிருந்த பொலித்தீனைப் பிரித்ததும் எங்கள் தீவு வீட்டின் மணம் வந்தது.

அப்பா கொழும்பிலிருந்து அப்படியொரு கதிரை கொண்டுவந்தார். பொலித்தீனைக் கழற்றவில்லை.

"சுவாமி வந்தால் இருக்கிறதுக்கு" என்பார். தினமும் அதைத் துடைத்துவிட்டுப் பாயில் இருப்பார். அப்போது அம்மாவின் வயிற்றில் தங்கச்சி. கால்கள் வீங்கியிருந்தன. அம்மாவுக்கும் பாய்தான்.

ஒருநாள் மாதா கோயிலின் பங்குச் சுவாமி வந்தார். தேத்தண்ணியோடு நின்ற அம்மாவின் கால்களைப் பார்த்தார்.

"நீர் இதில இரும், பிள்ளை. நான் சைக்கிள்ல இருந்துதானே வந்தனான்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா மெல்ல இருந்தார். பொலித்தீன் சரசரத்தது.

சுவாமி போனபின் அப்பா கத்தி எடுத்துப் பொலித்தீனை வெட்டிக் கழற்றினார். அன்றிலிருந்து அது அம்மாவின் கதிரை.

கண்காட்சி மண்டபத்தில், கூட வேலை செய்யும் ரூபன் அந்த வடிவமைப்பாளரைப் பற்றிய அறிவிப்புப் பலகையை வாசித்துச் சொன்னான்.

"ஆரும் மலிவாய் வாங்கி அதில இருக்கட்டும் எண்டுதான் உந்தாள் பிளாஸ்ரிக்கில செய்தவராம், அண்ணை. நீங்கள் இருந்திடாதேங்கோ, வேலை போயிடும்."

"இல்லையடா" என்றேன்.

ஒருவரும் அதில் இருந்துவிடாதபடி இருவரும் கதிரையைச் சுற்றித் தடுப்புக் கயிறு கட்டினோம்.