முகம் துடைத்த கடிகாரம்

சித்தி பதினெட்டு வருடம் மருத்துவமனையில் தரை துடைத்தவள். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு பயிற்சிக்குப் போய், நாடி பார்க்கும் உதவியாளர் வேலைக்குத் தேறினாள். ஒரு சோதனை பாக்கி. இருபத்திரண்டு கட்டில், அரை மணி நேரம். மருத்துவர் வருமுன் எல்லாருடைய நாடித் துடிப்பும் தாளில் இருக்க வேண்டும். வார்டுக்குள் கைபேசி கூடாது. தவறினால் மறுபடி துடைப்பம்தான்.

கடைகளில் அவள் கைக்கெட்டிய விலைக்குக் கிடைத்த கடிகாரங்களின் வினாடி முள் அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பழைய பொருள் விற்பவனிடம் சாவி கொடுக்கும் ஆண்கள் கடிகாரம் ஒன்று இருந்தது. அகலமான வெள்ளை முகம், சிவப்பு வினாடி முள்.

"ஓடுமா தம்பி?"

"ஓடுச்சுன்னா இந்த விலைக்கா தருவேன்? நானே கட்டிக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா?"

பழுது பார்ப்பவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, புது ஸ்பிரிங் போட்டார். சோதனைக்கு முந்தின நாள் மாலை நானும் சித்தியும் போனபோது அது ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மட்டும் போட வேண்டும். அளவான கண்ணாடியைத் தேடி அவர் உள்ளே போனார்.

டயலில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது.

"இவ்வளவும் செஞ்சவரு இத விட்டுட்டாரு பாரு. கண்ணாடி போட்டுட்டா அப்புறம் கை வைக்க முடியாதுடி."

கைப்பையில் எப்போதும் இருக்கும் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தாள். முட்களைத் தொடாமல் பதமாகத்தான் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. இவ்வளவு அழுக்கா என்று திருப்திப்பட்டு, பஞ்சைத் திருப்பி இன்னொரு முறை துடைத்தாள். அதன் பிறகுதான் பார்த்தோம். எண்களும் கோடுகளும் பஞ்சில் இருந்தன.

திரும்பி வந்தவர் டயலையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா, ஆபரேஷனுக்கா ரெடி பண்ணீங்க?"

"திரும்ப எழுத முடியாதா?"

"அச்சுக்கு அனுப்பணும். பத்து நாளாகும்."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு டெஸ்ட்டு, தம்பி."

பேனாவால் நான்கு புள்ளி வைத்துப் பார்த்தார். மை பரவிக் கறையானது. சித்தியின் கை மறுபடி பஞ்சுக்குப் போனது, நான் பிடித்துக்கொண்டேன்.

"கால் சுத்து எவ்வளவுன்னு மனசாலயே கணக்குப் பண்ணிக்குங்கக்கா."

"பதினஞ்சு வினாடி எண்ணி நாலால பெருக்கணும். ஒரு துடிப்பு தப்புனா நாலு தப்பும்."

"அப்ப செவப்பு முள்ளு மேல வர்றப்ப ஆரம்பிங்க. சுத்தி மறுபடி அங்கயே வந்தா ஒரு நிமிஷம்."

சோதனையில் சித்தி அப்படியே செய்தாள். ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம். மருத்துவர் வந்தபோது பதினேழாவது கட்டிலில் இருந்தாள்.

வார்டு சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "மத்தவங்கன்னா இந்த அஞ்சு பேருக்கும் எழுபத்திரண்டுன்னு போட்டிருப்பாங்க. உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு, சிஸ்டர்."

"அப்புறம்?"

"அவங்க கையை நான் தொடவே இல்லையே."

சிஸ்டர் தாளை மடித்தார். அடுத்த சோதனை எப்போது என்று சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை சித்தி அதே வார்டில் துடைப்பத்தோடு நின்றாள். பதினெட்டாவது கட்டிலுக்கு அடியில் துடைத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்து எழ முயன்றபோது, படுத்திருந்த அம்மாள் கேட்டாள்: "நேத்து எல்லாருக்கும் கை பிடிச்சுப் பாத்தியே, எனக்கு ஏன் பாக்கல?"

"உங்ககிட்ட வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சும்மா," என்றாள் சித்தி.