மாமாவின் வடை வான்

எங்கள் பள்ளிக்கூட வானின் புகை வடை வாசம் அடிக்கும். கொழும்பில் வேறு எந்த வானுக்கும் இந்தப் பெருமை கிடையாது. வெள்ளவத்தையில் ஏறும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன்பே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

வானை ஓட்டியவர் அம்மாவின் தம்பி. இரசாயனம் படித்த மனிதர். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் டீசல் கண்ணில் படாதபோது பழகிய வித்தையை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டுக் கடையில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை வாங்கி, வடித்து, சூடாக்கி, ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்து ஊறுகாய்ப் போத்தல்களில் ஒருநாள் விட்டுவைப்பார். அடியில் கறுப்பாக ஒன்று தங்கும். மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் வானுக்குத் தீனி.

"வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை வீடு வீடாகச் சோதனை நடந்தது. எங்கள் குசினிக்குள் வந்த பொலிஸ் அதிகாரி போத்தல்களைக் கண்டு அப்படியே நின்றார்.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று கேட்டார். மாமாவுக்குச் சிங்களம் வராது. எனக்குப் பள்ளிக்கூடச் சிங்களம் பொங்கிக்கொண்டு வந்தது. மாமாதான் செய்கிறார், யாழ்ப்பாணத்தில் படித்தது, மருந்தெல்லாம் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அதிகாரியின் முகம் மாறியது. மாமாவையும் போத்தல்களையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். மாமாவின் திறமையைப் பெரியவர்களுக்குக் காட்டக் கூட்டிப்போகிறார்கள் என்று நான் துள்ளினேன். என்னையும் ஏற்றுவார்களா என்றுகூடக் கேட்டேன்.

அம்மா என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, சந்தையில் மீன் பேரம் பேசும் சிங்களத்தில் மன்றாடினார். "மாத்தையா, இதை வானுக்குள் ஊற்றி ஓடவிட்டுப் பாருங்கோ. பிறகு கொண்டுபோங்கோ."

மாமா ஒரு போத்தலை வடித்து ஊற்றினார். வான் இரண்டு தரம் செருமிவிட்டுக் கிளம்பியது. ஒழுங்கை முழுக்க வாசம். ஜீப்பில் இருந்த இளம் பொலிஸ்காரர் மூக்கை நீட்டி, "உளுந்து வடே!" என்று சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவையும் போத்தல்களையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜீப்பில் போகக் கிடைக்கவில்லையே என்று நான் அழுதேன். அம்மா முதுகில் ஒன்று போட்டார், உடனே இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மாமா மட்டும் வானை விட்டு இறங்கவில்லை. கரண்டிக் கணக்கில் எண்ணெய் பார்க்கிற மனிதர், வானை நிற்பாட்டாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"எண்ணெய் வீணாப் போகுது மாமா."

"கொஞ்ச நேரம் ஓடட்டும் பிள்ளை."

அவருடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. பழைய வான் அல்லவா, இஞ்சின் ஓடினால் அப்படித்தான் ஆடும் என்று நினைத்துக்கொண்டேன்.