எழுபது நம்மட பக்கம்

சூறாவளி அறிவித்தல் என் போனுக்குச் சிங்களத்தில் வரும். அதைத் தமிழாக்கிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிப்பது கற்பிட்டியில் எங்கள் தெருக்களுக்கு நான் செய்யும் வேலை. கருவாட்டுக் கடைக்காரனுக்கு இது தேவையா என்றால், என் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

போன வருடம் "சூறாவளி வருது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். முற்றாத வெங்காயத்தை ஊரே பிடுங்கியது. காற்றோ இந்தியாப் பக்கம் திரும்பிவிட்டது. "எங்க நானா உங்கட சூறாவளி?" என்று பாண் கடையில்கூடக் கேட்டார்கள். ஒரு மாதம் தலைகாட்ட முடியவில்லை.

அந்த ரோஷத்தில் இம்முறை ஒரு சொல்லும் கூட்டாமல் வாசித்தேன்: "நாளைக்குள் சூறாவளி உருவாகும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வீதம்."

கடல் தொழில் செய்யும் என் சொந்த நானா, கூடப்பிறந்த அண்ணன், எஞ்சினைத் தோளில் வைத்தபடி என் கடையைக் கடந்து போனார்.

"முப்பதுதானேடா. எழுபது நம்மட பக்கம் ஈக்கி."

பத்துத் தரம் இப்படிப் போனால் மூன்று தரம் சூறாவளிக்குள் போவதுதான் அந்த முப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடி கேலி கிளம்புமே என்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் வரவேண்டிய போட் பகலாகியும் வரவில்லை. காற்று கூரைத் தகரங்களைக் கிளப்பியது. கரையில் நின்ற நானாவின் மனைவி, எங்கள் மச்சி, என்னைக் கண்டதும் அழவில்லை.

"நீங்க சென்ன முப்பதுலயா இவர் ஈக்கிறாரு?" என்றுதான் கேட்டார்.

நானா அந்த எண்ணை என் குரலில்தானே கேட்டுவிட்டுப் போனார்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, இன்னொரு போட் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினுக்குள் கடல் ஏறியிருந்தது. நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்தவர், மூச்சு வந்ததும் சிரித்தார்.

"பாத்தியா, எழுபது வென்றிச்சு!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முன்னிருந்ததைவிடப் பயம் கூடிவிட்டது. இனி இந்த மனிதரை எந்த எண் நிறுத்தும்?

இரண்டு நாளில் அடுத்த அறிவித்தல் வந்தது. நாற்பது வீதம். நானா எஞ்சினைத் திருத்திவிட்டு வலை ஏற்றிக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்தேன். எண்ணை நான் வாசிக்கவில்லை.

"நானா, போகவேணாம். எனக்குப் பயமா ஈக்கி" என்றேன்.

ஊரே கேட்டது. சிரிப்பதென்றால் சிரிக்கட்டும்.