பிரிக்பீல்ட்ஸில் எனக்காக விரிக்காத இலை

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த என் அண்ணன் மாணிக்கத்திடமிருந்து சித்திரைக்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு எங்களுக்கு நாங்கள் இருவர்தான். கடை முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி, ஆடி அமாவாசைக்கு முதல் நாள் எதிர்க்கரைக்குப் படகில் போய், பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு ஐந்து வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. பலகை பெஞ்சில் இடுப்பு கழன்றுவிடும். போர்வை இல்லாமல் ஏறாதீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஒரு மைல்தான். ரிக்‌ஷாக்காரர் இருபது காசு கேட்டார், நடந்தேன். சூளைப் புகையும் ரயில் கரியும் மூக்கை அடைத்தன. யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகள் குடியிருக்கும் தெருவில் ஓர் அம்மாள் இடியப்பமும் சொதியும் விற்றார். அந்தச் சொதிக்காகவே இன்னொரு முறை போகலாம். ஆனால் அண்ணன் சாப்பிடும் மெஸ்ஸுக்கு வழி கேட்டபோது அவர் என் முகத்தையே பார்த்தபடி கையை மட்டும் நீட்டினார். எதிரே வந்த இரண்டு பேர் என்னைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் போனார்கள். பெரிய ஊர்த் திமிர் என்று எரிச்சல்பட்டேன்.

மெஸ்ஸில் முன்கதவு சாத்தியிருந்தது. கொல்லைப்பக்கமாக நுழைந்தேன். பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. அதன் முன்னால் ஒரே ஓர் இலை. ஏழெட்டு ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மெஸ் நடத்தும் காளிமுத்து இலையைக் காட்டி என்னைக் கும்பிட்டார். யாருக்கோ அமாவாசைப் படையல் என்று புரிந்தது. அன்றைக்கு வழிப்போக்கனுக்கு முதல் சாப்பாடு போடுவது எங்கள் பக்கம் வழக்கம். அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். பசி வேறு.

சோற்றில் முதலில் ரசத்தை ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டார்கள். இரண்டு வாய் விழுங்கிய பிறகு என் கை நின்றது. ரசத்தில் தொடங்கிச் சாம்பாரில் முடிக்கும் ஆளை நான் ஒருவரைத்தான் அறிவேன்.

"ஏண்ணே ரசத்த முதல்ல ஊத்துறீங்க?"

கரண்டி தரையில் விழுந்தது. காளிமுத்து பின்னால் நகர்ந்தார். "மாணிக்கம், வயிறாரச் சாப்பிட்டுப் போயிடுப்பா. எங்கள ஒண்ணும் பண்ணிறாத."

"நான் மாணிக்கம் இல்லண்ணே. அவரு தம்பி."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வைகாசில காய்ச்சல் கண்டு போயிட்டான்யா. ஒனக்கு எங்க எழுதுறதுன்னு தெரியாமப் போச்சு."

எங்கள் இருவருக்கும் ஒரே ஜாடை. சொந்த அத்தையே மாற்றிக் கூப்பிடுவாள். செத்தவன் வந்து உட்கார்ந்ததாகத்தான் அத்தனை பேரும் நடுங்கியிருக்கிறார்கள். அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் மெல்ல வந்து என் மணிக்கட்டைத் தொட்டார். "சூடா இருக்குலா" என்று சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, குளிர்தான் எடுத்தது.

"மிச்சம் வைக்காத தம்பி, அவன் பசியோட போகக் கூடாது" என்றார் காளிமுத்து. இலையைக் காலி செய்தேன்.

ஞாயிறு தவறாமல் அண்ணன் கிள்ளானுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடுவானாம். அந்தக் கடையையாவது பார்த்துவிட நினைத்து மறுநாள் போனேன். ரயிலில் ஒரு மணி நேரம். ஆற்றங்கரையில் ஒரு ராவுத்தர் கடை, அவரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டார்கள். குழம்பில் புளி தூக்கல், மதியத்துக்குள் தீர்ந்துவிடும், சீக்கிரம் போய்விடுங்கள்.

கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டார். "வாங்க தம்பி! எங்க ஆளையே காணோம்? வேலையா?"

முந்தின நாள் ஓர் ஊரே என்னைப் பார்த்துப் பயந்தது. இந்த மனுஷன் சிரிக்கிறார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆமா நானா, வேலை ஜாஸ்தி" என்றேன்.

"அடுத்த ஞாயிறு வருவீங்கல்ல?"

"வரேன் நானா."

கிள்ளான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கடையில் மாணிக்கத்தைப் பற்றி விசாரித்தால், அவருக்கு வேலை அதிகம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.