ஈரம் காயாத மேற்குப் பக்கம்

பில்யேவுக்குக் கைராசி கிடையாது. சுன்சாங் மலையடிவாரத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. மற்ற ஊர்களில் மருமகளுக்கு நிறம் பார்ப்பார்கள், குணம் பார்ப்பார்கள். சோயாச் சாற்றுக்கும் விழுதுக்கும் பயறுக்கட்டி பிடிக்கிற ஊரில் கையைத்தான் பார்ப்பார்கள். வெந்த சோயாப் பயறை இடித்து, செங்கல் அளவுக்குக் கட்டி பிடித்து, வைக்கோல் கயிற்றில் உத்தரத்தில் தொங்கவிட்டால், நல்ல கை பிடித்ததில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். பில்யே பிடித்ததில் கறுப்புப் பூத்தது.

கட்டிக்கூடத்தில் கிழக்குப் பக்கம் மாமியாருக்கு, மேற்குப் பக்கம் புது மருமகளுக்கு. ஒரே அடுப்பு, ஒரே உரல். கிழக்கே மணந்தது, மேற்கே நாறியது. மூன்றாவது குளிர்காலத்தில் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இனிமே இந்தக் கை பயறைத் தொடக் கூடாது."

பில்யே தொடவில்லை. விறகு தள்ளினாள், அண்டா கழுவினாள், கயிறு திரித்தாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் கூலிப் பெண்களைத்தான் கட்டி பிடிக்கவைத்து, கிழக்கே மட்டும் தொங்கவிட்டாள்; மேற்குப் பக்கம் சும்மா கிடந்தது. பெற்ற மகளின் பிரசவத்துக்குப் பத்தியமாகக் கடற்பாசிச் சூப் வைத்தபோதுகூட, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத்தான் சோயாச் சாற்றை ஊற்றச் சொன்னாள். கணவன் கில்மான் ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை. ஊரே பேசியபோதும் வாயைத் திறக்காத மனுசன் என்று அவள் உள்ளுக்குள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் உத்தரம் நடுவில் தொய்ந்துவிட்டது. முட்டுக் கொடுக்கத் தச்சன் போங்சிக் நான்கு பைன் மரத் தூண்களை இறக்கினான். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் கனம். தூணின் காலுக்கு இரும்புப் பூண் மாட்டி, சிமெண்ட் தரையில் துளை போட்டு, போல்ட்டை அடித்து முறுக்க வேண்டும். ஆனால் கட்டி கதகதப்பில் பூக்கவென்று தரைக்கடியில் பாய்லரின் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் கில்மானே தன் கையால் ஊற்றிய தரை அது.

"துளை தப்பிச்சுன்னா வெந்நீர் மூஞ்சியில அடிக்கும்ணே. குழாய் எங்கெங்க போகுது?"

"கிழக்க பாத்துப் போடு. மேக்க கண்ண மூடிக்கிட்டுப் போடு," என்றான் கில்மான்.

"அதென்ன மேக்க மட்டும்?" என்றபடி பில்யே வந்தாள். "குழாய் உடைஞ்சா இந்த வருசக் கட்டி மொத்தமும் குப்பைக்குத்தான். தரைய நனைச்சுப் பாத்துரலாம்."

"வேலையத்த வேலை," என்று முனகிவிட்டு அவன் வாசலுக்குப் போய் சிகரெட் பற்றவைத்தான்.

தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் பரப்பினாள். பாய்லரை மூட்டினார்கள். குழாய் போகிற இடம்தானே முதலில் காயும். கிழக்கே உழவுச் சால் போல வரிவரியாக ஈரம் காய்ந்து வந்தது. போங்சிக் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனான். மேற்கே ஒரு வரி கூடக் காணவில்லை.

"அண்ணி, இந்தப் பக்கம் அண்ணன் மாதிரி. என்ன சொன்னாலும் சூடே ஏறல!"

பில்யே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மண்டியிட்டு உள்ளங்கையை மேற்குத் தரையில் வைத்தாள். ஜில்லென்றிருந்தது. நகர்ந்து போய்க் கிழக்கே வைத்தாள். சுட்டது. நம்ப முடியாமல் மறுபடியும் மேற்கே வந்து இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க... இங்க குழாயே போடலயா?"

கில்மான் வாசலைவிட்டு நகரவில்லை. "பத்தல. அம்மாவுக்கு முழங்கால் வலி. மிச்சத்த அவ ரூம்புல போட்டேன். இங்க அப்புறம் பாத்துக்கலாம்னு சிமெண்ட ஊத்திட்டேன்."

"அத்தைக்குத் தெரியுமா?"

அவன் சிகரெட்டையே பார்த்தான். "தெரியும்."

பில்யே தன் கையைப் பார்த்தாள். அந்தச் சூடான அறையில் காலை நீட்டிக்கொண்டுதான் மாமியார் சொல்வாள், சிலருக்குக் கை அப்படித்தான் அமையும் என்று. சொல்லும்போது அவள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததும் இந்தக் கைதான். படுபாவிகள்! அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தா?

"சொன்னா அம்மா பேரு கெட்டுருமேன்னு..."

"எம் பேரு?"

போங்சிக் செய்வதறியாமல் துளைபோடும் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

பில்யே எழுந்து உரல் பக்கம் போனாள். ஆவி பறக்கிற பயறுக்குள் இரண்டு கைகளையும் விட்டாள். இடித்துக்கொண்டிருந்த கூலிப் பெண்கள் பதறினார்கள். "அக்கா, நீங்க போயி..." அவள் காதில் வாங்கவில்லை. பழக்கம் விட்டுப்போனதில் முதல் கட்டி கோணிக்கொண்டது. உடைத்து மறுபடி பிடித்தாள். உதவுகிறேன் என்று கில்மான் வைக்கோலை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"தொடாதீங்க. உங்க கைராசி எனக்கு வேணாம்."

வைக்கோலைக் கீழே வைத்துவிட்டான்.

போங்சிக் மெல்லத் தொண்டையைச் செருமினான். "அண்ணி... தூணு எந்தப் பக்கம் முதல்ல?"

"கிழக்க," என்றாள் பில்யே, கட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அத்தை இடத்துல நல்லா இறுக்கி நிறுத்து. எங் கட்டி இனி அங்கதான் தொங்கும்."